மூளையின் காயமா, மனத்தின் காயமா? போர்வீரர் ஆய்வுகளில் நூறாண்டு நீளும் ஒரு வழக்கு

பதக்கத்தின் எல்லை

2020 ஜனவரி 8 அதிகாலையில் ஈராக்கின் அல்-அசாத் விமானத்தளத்தின் மீது ஈரானின் ஏவுகணைகள் விழுந்தன. முன்னெச்சரிக்கை கிடைத்திருந்ததால் அமெரிக்க வீரர்கள் பதுங்கறைகளுக்குள் இருந்தனர். யாரும் சாகவில்லை, வெளியே தெரியும்படியான பெருங்காயமும் இல்லை. தமது வீரர்களுக்கு எந்தத் தீங்கும் நேரவில்லை என்று அதிபர் டிரம்ப் அறிவித்தார். சில நாட்களில் தலைவலி, தலைசுற்றல், கவனச்சிதறல் என்று வீரர்கள் மருத்துவர்களிடம் வரத் தொடங்கினர். தலைவலி என்று கேள்விப்பட்டதாகவும் அது பெரிய விஷயமன்று என்றும் அதிபர் டாவோஸில் சொன்னார். முடிவில் ஏறத்தாழ 110 பேருக்கு மூளைக்காயம் என்று உறுதிசெய்யப்பட்டது. எதிரியால் காயமுற்றோருக்குரிய பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் முதலில் 29 பேருக்கு வழங்கப்பட்டது. விடுபட்டவர்களின் முறையீடுகள் வெளியே வந்தபின், 2021 டிசம்பரில் மேலும் 39 பேருக்கு வழங்க இராணுவம் ஒப்புக்கொண்டது.

அதே இரவில் அதே பதுங்கறையில் இருந்த ஒருவருக்கு மூளைக்காயம் என்று எழுதப்படாமல், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனவழுத்தம் (இனி, பி.டி.எஸ்.டி.) என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால் அவருக்குப் பதக்கம் கிடையாது. 2009இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: எதிரியின் செயல் வெளியிலிருந்து உடலில் உண்டாக்கிய காயம்தான் பதக்கத்துக்குத் தகுதி, போரைக் கண்டு மனம் அடைந்த பாதிப்பு அதில் சேராது.

இந்த எல்லைக்கோட்டுக்கு அறிவியலில் ஆதாரம் உண்டா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. கடந்த இருபதாண்டு ஆய்வுகளைப் படித்துப் பார்த்தால், இந்தக் கோட்டைப் பதக்கமும் ஓய்வூதியமும் படையின் கட்டுப்பாடும் முதலில் வரைந்துவிட்டன, ஆய்வு பின்னால் வந்து அதற்குச் சான்று தேடிக்கொண்டிருக்கிறது என்ற எண்ணம்தான் எனக்கு வலுப்படுகிறது. சான்று கிடைத்த இடங்களிலும் அது கோட்டின் இருபுறமும் சிதறிக் கிடக்கிறது.

பிரான்சில் தொடங்கிய வழக்கு

முதல் உலகப் போரின்போது, 1915 பிப்ரவரியில் 'லான்செட்' மருத்துவ இதழில் பிரிட்டிஷ் மருத்துவர் சார்லஸ் மையர்ஸ் மூன்று வீரர்களின் நோய்க்குறிப்புகளை வெளியிட்டார். 'ஷெல் ஷாக்' (குண்டதிர்ச்சி) என்ற பெயர் மருத்துவ ஏட்டில் ஏறியது அப்போதுதான். மூவருக்கும் அருகில் பீரங்கிக் குண்டுகள் வெடித்திருந்தன. மூவருக்கும் பார்வைப்புலம் சுருங்கியிருந்தது, மோப்பமும் சுவையும் குன்றியிருந்தன, நினைவு பழுதாகியிருந்தது. ஆனால் காது கேட்பதில் ஏறக்குறைய குறையே இல்லை. அத்தனை அருகில் குண்டு வெடித்து, காது தப்பி, நாக்கின் சுவை போயிருக்கிறது. வெடிப்பின் விசை மட்டுமே காரணமாக இருக்க முடியுமா என்ற ஐயத்துக்கு மையர்ஸின் முதல் கட்டுரையிலேயே இடமிருந்தது. பின்னாளில் அவரே அந்தப் பெயரைக் கைவிட விரும்பினார்.

எதிர்த்தரப்பில் நின்றவர் நோய்க்கூற்றியலாளர் ஃபிரெடெரிக் மாட். வெளிக்காயமின்றி இறந்த வீரர்களின் மூளையை அறுத்துப் பார்த்து, நுண்ணிய இரத்தக்கசிவுகளைக் கண்டார். வெடிப்பின் அழுத்தமும் நச்சுவாயுவும் மூளையைத் தாக்குகின்றன என்பது அவர் வாதம்.

பிரிட்டிஷ் இராணுவத்துக்கு இந்த அறிவுத் தகராறு முடியும்வரை காத்திருக்க நேரமில்லை. எதிரியின் குண்டு வெடித்ததால் நேர்ந்தது என்றால் நோயாளியின் ஏட்டில் 'காயம்' என்ற குறி. அப்படி இல்லையென்றால் 'நோய்' என்ற குறி. முதல் குறி பெற்றவர் சட்டைக் கையில் காயப்பட்டை அணியலாம், ஓய்வூதியம் கோரலாம். இரண்டாம் குறி பெற்றவருக்கு இரண்டும் இல்லை. ஒரு குண்டு உண்மையிலேயே அருகில் வெடித்ததா என்பதை மருத்துவர் எப்படி அறிவார்? எனவே 1917இல் போர்முனை மருத்துவமனைகளில் 'இன்னும் நோய் கண்டறியப்படவில்லை (நரம்பு சார்ந்தது)' என்று மட்டும் எழுதச் சொன்னார்கள். குண்டு வெடித்ததா என்று சான்றளிக்க வேண்டியவர் படைப்பிரிவின் தளபதி. நோயறிதலின் பாதி அதிகாரம் இப்படி மருத்துவரின் கையிலிருந்து போனது.

மையர்ஸும், எடின்பரோவின் கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் அதிகாரிகளுக்கு உரையாடல் வழியே சிகிச்சையளித்த டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸும் பழைய தோழர்கள். 1898இல் டோரஸ் நீரிணைக்குப் போன மானிடவியல் பயணக்குழுவில் இருவரும் இருந்தனர். ரிவர்ஸ் அதன்பின் நீலகிரிக்கு வந்து தோடர்களிடையே தங்கி ஆராய்ந்து, 1906இல் 'தி தோடாஸ்' என்ற பெருநூலை வெளியிட்டார். தமிழ் வாசகர்களில் பலர் அவரை அந்த நூல் வழியாக மட்டுமே அறிவர். ஒரு மனிதரின் நடத்தையை அவர் வாழும் உறவுகளிலிருந்து பிரித்துப் பார்க்காத அந்தப் பழக்கம் கிரெய்க்லாக்கார்டிலும் அவருக்குக் கைகொடுத்திருக்கும் என்பது என் ஊகம்.

2008: ஒரு கருத்தாய்வும் அதன் வாசிப்புகளும்

இன்றைய விவாதத்தின் மையத்தில் இருப்பது அமெரிக்க இராணுவ மனநல மருத்துவர் சார்லஸ் ஹோக்கின் குழுவினர் 2008 ஜனவரியில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியிட்ட கட்டுரை. ஈராக்கில் ஓராண்டு பணியாற்றித் திரும்பிய 2,525 அமெரிக்கக் காலாட்படை வீரர்களிடம், திரும்பிய மூன்று நான்கு மாதங்களில் வினாத்தாள் கொடுத்துக் கேட்டார்கள். காயத்தின்போது நினைவிழந்ததாகச் சொன்னவர்கள் 124 பேர். நினைவிழக்கவில்லை, ஆனால் திகைத்துக் குழம்பிப் போனோம் என்றவர்கள் 260 பேர். இவ்விரு வகையும் இலேசான மூளைக்காயத்தின் வரையறைக்குள் வரும். நினைவிழப்பு 30 நிமிடத்துக்கு மேற்படாமலும், காயத்துக்குப் பிந்தைய மறதி 24 மணி நேரத்துக்கு மேற்படாமலும் இருந்தால் அது இலேசானது என்பதே பொதுவான அளவுகோல்; மூளையதிர்ச்சி என்று சொல்வதும் இதையே.

நினைவிழந்தவர்களில் 43.9 விழுக்காட்டினருக்கு பி.டி.எஸ்.டி. இருந்தது. திகைத்துப் போனவர்களில் அது 27.3, உடலில் வேறெங்கோ காயமுற்றவர்களில் 16.2, காயமே படாதவர்களில் 9.1. இப்படிப் படிப்படியாக இறங்கும் வரிசையைக் கண்டால் மூளைக்காயம்தான் காரணம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் கட்டுரை அங்கே நிற்கவில்லை. பி.டி.எஸ்.டி.யையும் மனச்சோர்வையும் புள்ளியியல் முறையில் சரிக்கட்டியபின், மூளைக்காயத்துக்கும் உடல்நலக் குறைகளுக்கும் இருந்த தொடர்பு ஏறக்குறைய மறைந்துபோயிற்று. எஞ்சியது தலைவலி ஒன்றுதான்.

அதே ஆண்டு அமெரிக்காவின் ரேண்ட் ஆய்வு நிறுவனம் 'போரின் புலப்படாக் காயங்கள்' என்ற பொருளில் தலைப்பிட்ட பேரறிக்கையை வெளியிட்டது. ஈராக், ஆப்கானிஸ்தான் களங்களுக்கு அதுவரை அனுப்பப்பட்ட 16.4 லட்சம் பேரில் சுமார் 3 லட்சம் பேருக்கு பி.டி.எஸ்.டி. அல்லது மனச்சோர்வு, சுமார் 3.2 லட்சம் பேருக்கு மூளைக்காயம் நேர்ந்திருக்கலாம் என்பது அதன் மதிப்பீடு. இவ்வளவு பெரிய தொகை மேசைக்கு வந்தபோது, ஹோக் கட்டுரையை ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய விதத்தில் படித்தார்கள். இலேசான மூளைக்காயம் என்பதே மிகைப்படுத்தல் என்று ஒரு தரப்பு. மனநோய் என்ற பழியை வீரர்கள் மேல் மறுபடியும் சுமத்தும் முயற்சி என்று மறுதரப்பு. ஹோக் சொன்னது இரண்டுமன்று. மூன்று நான்கு மாதம் கழித்தும் நீடிக்கும் தொல்லைகளுக்கு மூளைக்காயத்தை மட்டும் காரணமாக்கினால், சிகிச்சை உள்ள பி.டி.எஸ்.டி. கவனிக்கப்படாமல் போகும் என்பது அவரது கவலை. தலையில் நிலையான சேதம் இருக்கிறது என்று ஒருவரை நம்பவைப்பதே அவரை முடக்கும் என்றும் எச்சரித்தார். மருத்துவராக அவர் சொன்னதில் நியாயம் உண்டு.

சரிக்கட்டுதல் எதை மறைக்கும்

என் மாறுபாடு புள்ளியியலைப் பற்றியது. மழையால் வெள்ளம், வெள்ளத்தால் பயிரழிவு. வெள்ளத்தின் அளவைச் சரிக்கட்டிவிட்டு மழைக்கும் பயிரழிவுக்கும் தொடர்புண்டா என்று கேட்டால், இல்லை என்றே கணக்கு சொல்லும். பி.டி.எஸ்.டி. என்பது மூளைக்காயத்துக்குப் புறத்தே நின்று கணக்கைக் குழப்பும் காரணியா, அல்லது மூளைக்காயம் தன் விளைவை நிகழ்த்தும் வழிகளில் ஒன்றா? முதலாவது என்றால் சரிக்கட்டுவது முறை. இரண்டாவது என்றால் சரிக்கட்டும்போது காயத்தின் விளைவையே துடைத்தெறிகிறோம். ஒரே ஒரு வேளையில் எடுத்த கருத்தாய்வு இவ்விரண்டையும் பிரித்தறிய உதவாது.

காலவரிசை தெரிந்த ஆய்வு வேண்டும். அப்படி ஒன்று 2014இல் வந்தது. அமெரிக்க மரைன் படைப்பிரிவுகளைச் சேர்ந்த 1,648 பேரைக் களத்துக்குப் போகுமுன் ஒருமுறையும், திரும்பிய சில மாதங்களில் மறுமுறையும் சோதித்த யர்கில் குழுவின் ஆய்வு அது. போகுமுன்பே இருந்த மன அறிகுறிகளையும், களத்தில் கண்ட சண்டையின் கடுமையையும் கணக்கில் கொண்டபிறகும், களத்தில் நேர்ந்த மூளைக்காயம் பின்னர் வரும் பி.டி.எஸ்.டி. அறிகுறிகளை முன்னறிவிக்கும் மிக வலுவான காரணியாக நின்றது. அந்தக் காயங்களில் மிகப் பெரும்பாலானவை இலேசானவையே.

விலங்காய்வும் இதற்குத் துணைநிற்கிறது. கலிஃபோர்னியாவில் ஃபேன்ஸலோ, ஹோவ்டா முதலியோர் எலிகளுக்கு இலேசான மூளையதிர்ச்சி உண்டாக்கி, சில நாள் கழித்து அச்சப் பயிற்சி அளித்தார்கள். அதிர்ச்சியுற்ற எலிகள் அச்சத்தை அதிகமாகக் கற்றன; அச்சத்தைக் கையாளும் அமிக்டலாவில் கிளர்ச்சியூட்டும் ஏற்பிகள் மிகுந்திருந்தன. எலிக்கு ஓய்வூதியக் கோரிக்கையும் இல்லை, பதக்க ஆசையும் இல்லை. ஆயினும் எலியின் அச்சத்தை அப்படியே வீரரின் கொடுங்கனவாகப் பெயர்த்துவிட முடியாது. அச்சத்தைத் தணிக்க முன்நெற்றிப் புறணி அமிக்டலாவுக்கு அனுப்பும் கட்டுப்பாடு காயத்தால் தளர்கிறது என்ற கருதுகோளுக்கு இது ஒரு தூண், அவ்வளவுதான்.

இதற்கு நேரெதிரான ஓர் உண்மையும் உண்டு. பிரிட்டிஷ் வீரர்களிடம் ஆய்வு நடத்திய லண்டன் கிங்ஸ் கல்லூரிக் குழு, பி.டி.எஸ்.டி.யைச் சுமார் 4 விழுக்காட்டினரிடமே கண்டது. இலேசான மூளைக்காயத்தையும் ஏறத்தாழ அதே அளவில்தான். அதே போர், அதே வகை வெடிகுண்டுகள். அமெரிக்க எண்ணிக்கையோ பல மடங்கு. பிரிட்டிஷ் வீரர் களத்தில் ஆறு மாதம் இருந்தார். அமெரிக்கர் பன்னிரண்டு, சில வேளை பதினைந்து மாதம். காப்பீடும் உதவித்தொகையும் வேறு, கேள்வி கேட்ட முறை வேறு. வெடிப்பின் விசையை மட்டும் வைத்து இந்த இடைவெளியை விளக்க முடியாது.

வருடிப் படமும் நுண்ணோக்கியும்

வழக்கமான எம்.ஆர்.ஐ. படத்தில் இலேசான மூளைக்காயம் பெரும்பாலும் தெரியாது. 2011இல் மக்டொனால்ட் குழு, ஜெர்மனியின் லாண்ட்ஷ்டூல் இராணுவ மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட 63 வீரர்களை, மூளையின் நரம்பிழைக் கட்டுகளைக் காட்டும் டிஃப்யூஷன் டென்சர் முறையில் படமெடுத்தது. அவர்களோடு ஒப்பிட, வெடிப்புக்கு உள்ளானாலும் மூளைக்காயம் என்று கண்டறியப்படாத 21 பேர். காயமுற்றோரின் சிறுமூளை இணைப்புகளிலும் கண்குழிக்கு மேலுள்ள முன்மூளைப் பகுதியிலும் வேறுபாடுகள் தெரிந்தன. எனினும் கணிசமானோருக்குப் படம் இயல்பாகவே இருந்தது. எனவே தனியொருவருக்கு நோய் உண்டு, இல்லை என்று சொல்ல இப்படம் போதாது.

இதே ஆராய்ச்சியாளர்கள் பின்தொடர்ந்து சென்று 2017இல் வெளியிட்ட முடிவே கூடுதலாகச் சிந்திக்க வைப்பது. வெடிப்பால் மூளையதிர்ச்சி அடைந்த 50 பேரில் 36 பேர், முதலாண்டு முடிவில் இருந்ததைவிட ஐந்தாமாண்டு முடிவில் மோசமான நிலையில் இருந்தார்கள். காயமுறாத 44 வீரர்களில் அப்படிச் சரிந்தவர்கள் 5 பேர். விளையாட்டுத் திடலில் மூளையதிர்ச்சி அடைந்தவர் சில வாரங்களில் தேறிவிடுவார் என்ற பாடநூல் வாக்கியம் இவர்களுக்குப் பொருந்தவில்லை. அதே சமயம் அந்தச் சரிவில் மனநலக் குறிகளே முன்னின்றன. இரு தரப்பும் இந்த ஒரே கட்டுரையை மேற்கோள் காட்டுவது இதனால்தான்.

இறந்தவர்களின் மூளை வேறொரு செய்தி சொன்னது. டேனியல் பெர்ல் குழு 2016இல், வெடிப்புக்கு உள்ளாகி இறந்த எட்டு வீரர்களின் மூளையில் ஒரு தனிவகை வடுவைக் கண்டது. மூளையின் மேற்பரப்பு, இரத்தக்குழாய்களின் ஓரம், சாம்பல்பொருளும் வெண்பொருளும் சந்திக்கும் எல்லை என, அடர்த்தி மாறும் இடங்களில் எல்லாம் அஸ்ட்ரோசைட் செல்கள் வடுவாகத் திரண்டிருந்தன. அழுத்த அலை ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்குக் கடக்கும் எல்லைகளில் சேதம் மிகும் என்பது இயற்பியல் எதிர்பார்ப்பது. நூறாண்டுக்கு முன் மாட் தேடியது இதுபோன்ற ஒன்றைத்தான். ஆனால் எட்டே மூளைகள். நெடுநாள் வாழ்ந்து இறந்தவர்களுக்கு பி.டி.எஸ்.டி.யும் இருந்தது. வடு அந்த நோயை உண்டாக்கியதா, உடனிருந்ததா என்று நுண்ணோக்கி சொல்லாது.

இதற்கிடையே அமெரிக்கக் கால்பந்து வீரர்களிடம் கண்ட சி.டி.இ. என்ற மூளை நசிவுநோய் போர்வீரர்களையும் அரித்துக்கொண்டிருக்கிறது என்ற அச்சம் பரவியது. டேனியல் பெர்லுடைய சகாக்கள் 225 முன்னாள் வீரர்களின் மூளையைச் சோதித்து 2022இல் முடிவை வெளியிட்டார்கள். சி.டி.இ. இருந்தது 10 பேரிடம் மட்டுமே; பத்துப் பேரும் உடல்மோதல் விளையாட்டுகளில் ஈடுபட்டவர்கள். ஓர் அச்சத்தைத் தணித்த நல்ல ஆய்வு. அச்சத்தை மூட்டிய செய்திகளுக்குக் கிடைத்த இடத்தில் சிறு பங்குகூட இதற்குக் கிடைக்கவில்லை.

நேரத்தில் எழுதாத ஏடு

மேற்கண்ட ஆய்வுகளில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படையில் ஒரு பலவீனம் உண்டு. காயம் நடந்த மணிநேரத்தில் யாரும் எதையும் எழுதிவைக்கவில்லை. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் கழித்து வீரரைக் கேட்கிறார்கள்: வெடித்தபோது திகைத்துப் போனீர்களா? இடைவெளி ஏதேனும் நினைவில் உண்டா? கவச வண்டிக்கு அடியில் குண்டு வெடித்து, பக்கத்திலிருந்த தோழர் துடிப்பதைக் கண்டவருக்குத் திகைப்பு மூளை குலுங்கியதால் வந்ததா, கண்டதால் வந்ததா? அவருக்கே தெரியாது. பி.டி.எஸ்.டி. கடுமையாகும்போது பழைய நிகழ்வின் நினைவும் கடுமையாகிறது; அப்போது அதே வினாத்தாளுக்கு வேறு பதில் வருகிறது. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் நலத்துறை 2007 முதல் ஈராக், ஆப்கானிஸ்தான் களங்களிலிருந்து திரும்பியோரிடம் கேட்டுவரும் முதற்கட்டச் சோதனை வினாக்களும் இந்தக் குறையிலிருந்து தப்பவில்லை.

பாஸ்டன் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் லியூ குழு 2009இல் வெளியிட்ட கணக்கைப் பார்த்தால், பிரித்தறிவது ஏன் கடினம் என்று விளங்கும். 340 பேரில் 81.5 விழுக்காட்டினருக்கு நாட்பட்ட வலி, 68.2க்கு பி.டி.எஸ்.டி., 66.8க்கு மூளையதிர்ச்சியின் நீடித்த அறிகுறிகள். மூன்றும் ஒருங்கே இருந்தவர்கள் 42.1 விழுக்காடு. முதுகுவலியால் தூக்கம் கெடுகிறது. தூக்கம் கெட்டதால் எரிச்சலும் மறதியும். அந்த மறதியை மூளைக்காயக் கட்டத்திலும் எழுதலாம், பி.டி.எஸ்.டி. கட்டத்திலும் எழுதலாம்.

உயரழுத்த அறை

சிகிச்சை ஆய்வுகளில் ஒன்றை மட்டும் நெருங்கிப் பார்ப்போம். மூளையதிர்ச்சி நீடித்த வீரர்களை உயரழுத்த ஆக்ஸிஜன் அறையில் வைத்தால் தேறுவார்கள் என்ற நம்பிக்கை பரவியிருந்தது. சில குடும்பங்கள் கைப்பணம் செலவழித்தன. மில்லர் குழு 72 வீரர்களை மூன்றாகப் பிரித்தது. முதல் பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். இரண்டாவது பிரிவுக்கு 40 அமர்வுகள், 1.5 வளிமண்டல அழுத்தத்தில் ஆக்ஸிஜன். மூன்றாவது பிரிவுக்கும் அதே அறை, அதே 40 அமர்வுகள்; ஆனால் காது அடைக்கும் அளவுக்கு மட்டும் அழுத்தம் கூட்டி, சாதாரணக் காற்று.

2015இல் வெளியான முடிவு: அறைக்குள் போன இரு பிரிவினரும் தேறினார்கள், அவர்களுக்கிடையே வேறுபாடு இல்லை. வெளியே இருந்தவர்கள் அந்த அளவுக்குத் தேறவில்லை. ஆக்ஸிஜன் பயனற்றது என்று இதைப் படிப்பது சரியே. ஆனால் நாள்தோறும் ஒரே நேரத்தில் வந்து, படைப்பணியிலிருந்து விலகி, தன் சொல்லை நம்பும் மருத்துவக் குழுவின் கவனிப்பில் ஏறத்தாழ பத்து வாரங்களைக் கழிப்பதால் தேறும் நோய், அதனாலேயே மூளையில் இல்லாத நோய் ஆகிவிடாது. மனத்துக்குரிய சிகிச்சைகள் மூளைக்காயம் பட்டவர்களுக்கும் பயன்தருகின்றன என்பது வேறு ஆய்வுகளிலும் தெரிந்த செய்தி. நோயறிதலில் வழக்கு தீராவிட்டாலும் சிகிச்சை தொடங்கலாம்.

சொந்தப் பீரங்கியின் அழுத்தம்

எதிரியின் குண்டே இல்லாத காயம் அண்மை ஆண்டுகளில் பேசுபொருளாகியுள்ளது. தோளில் வைத்துச் சுடும் ஏவுகருவி, கதவுகளை வெடிவைத்து உடைக்கும் பயிற்சி, பீரங்கிப் பணி ஆகியவற்றில் சுடுபவரையே அழுத்த அலை ஒவ்வொரு முறையும் தாக்குகிறது. நினைவிழப்பு இல்லை, திகைப்பும் இல்லை. எனவே வரையறைப்படி மூளைக்காயமே இல்லை. ஆனால் பாஸ்டனின் டிராக்ட்ஸ் ஆய்வு மையம் 2015இல், வெடிப்புக்கு 10 மீட்டருக்குள் இருந்தவர்களின் மூளை இணைப்பில் மாற்றங்களைக் கண்டது. அவர்களுக்கு மூளையதிர்ச்சியின் அறிகுறி இருந்ததா என்பது அங்கே பொருட்டாகவில்லை. 2024 ஆகஸ்டில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை சதுர அங்குலத்துக்கு 4 பவுண்டு என்ற அழுத்தத்தை எச்சரிக்கை எல்லையாக அறிவித்தது. புதிதாகச் சேர்வோருக்கு அடிப்படை அறிதிறன் சோதனையும் கட்டாயம். அந்த 4 பவுண்டு என்பது ஒரு வெடிப்பின் உச்சத்தை அளக்கும் எண். பத்தாயிரம் முறை 3 பவுண்டு பட்டவரைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. இத்தகைய கருவிகளில் பெயர்பெற்ற 84 மி.மீ. கார்ல் குஸ்தாஃப் இந்தியப் படையிலும் உண்டு. திருச்சி படைக்கலத் தொழிற்சாலையில் தயாராவது. எனவே இக்கேள்வி கடல்கடந்த கேள்வி மட்டுமன்று.

படிவத்தின் கட்டம்

ஓய்வூதியச் சட்டத்தில் இந்த வழக்கு எப்படி நிற்கிறது? 2014 முதல் நடப்பிலுள்ள அமெரிக்க விதியின்படி, இலேசான மூளைக்காயத்துக்குப் பின் 12 மாதங்களுக்குள் மனச்சோர்வு வந்தால், அது காயத்தின் தொடர்விளைவு என்று எடுத்துக்கொள்ளப்படும். பதின்மூன்றாம் மாதம் வந்தால் வீரர்தான் நிறுவ வேண்டும். இப்படி எடுத்துக்கொள்ளப்படும் நோய்களின் பட்டியலில் பி.டி.எஸ்.டி. இல்லவே இல்லை. மறுபுறம், ஹோக் கட்டுரை வந்த அதே 2008இல் திருத்தப்பட்ட இழப்பீட்டு அட்டவணையில் ஒரு குறிப்பு இருக்கிறது: இரு நோய்களின் வெளிப்பாடுகளைத் தெளிவாகப் பிரிக்க முடியாவிட்டால், இரண்டுக்கும் சேர்த்து ஒரே மதிப்பீடு வழங்க வேண்டும். பதக்க விதி வலியுறுத்தும் பிரிவினையை இழப்பீட்டு அலுவலகம் தேவைப்படும்போது விட்டுக்கொடுக்கிறது. பி.டி.எஸ்.டி. கோரிக்கைக்காக மருத்துவர் நிரப்பும் படிவத்தில், எந்த அறிகுறி எந்த நோய்க்குரியது என்று பிரிக்க முடியுமா என்ற வினா உண்டு. 'இல்லை' என்ற கட்டத்தில் குறியிடுபவர் காரணமும் எழுத வேண்டும். 'ஆம்' என்று குறியிடுபவர் ஒவ்வொரு நோய்க்கும் அதனதன் அறிகுறிகளைப் பட்டியலிட வேண்டும். மேலே கண்ட ஆய்வுகளில் ஒன்றுகூட அந்தப் பட்டியலைத் தரவில்லை.